துவைத்த கண்ணாடித் துணி

சுமதி கத்தரிக்கோலின் முனையை அந்தத் துண்டின் ஓரத்தில் செருகி லேசாகத் திருகினார். அவ்வளவுதான், மேலடுக்கு கிளம்பிக்கொண்டது. பிறகு இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். வெங்காயத்துக்குத் தோல் கழல்வதுபோல அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று வந்தன. உள்ளே நூல் வெள்ளைவெளேரென்று கிடந்தது. ரெசின் பசை ஊறிய அடையாளமே இல்லை.

"ரிஜெக்ட்டுங்க" என்றார்.

வைகாசி பிறந்திருந்தது. வெள்ளிக்கிழமை மதியம். தகரக் கூரை போட்ட ஷெட்டுக்குள் அனல் இறங்கிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப்புறம் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இந்தப்புறம் நாங்கள் நாலு பேரும், எங்களுக்கு நடுவில் ஒரு படகும்.

போன வாரம் எங்கள் கம்பெனி வேனைப் பற்றி எழுதியதைப் படித்தவர்களுக்கு இவர்களைத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஜோதிமணியக்கா முதலாளி, டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் அவருடையது. அந்தோணி அண்ணன் கட்டிங் மாஸ்டர். சுமதி குவாலிட்டி பார்ப்பவர். அவர் பாஸ் என்று சொல்லாமல் எங்கள் வாசலைத் தாண்டி ஒரு அட்டைப்பெட்டி போகாது. நான் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர் கேட்பதை உள்ளே சொல்வதும், உள்ளே நடப்பதை வெளிநாட்டுக்காரருக்குப் பதமாகச் சொல்வதும் என் வேலை.

சுமதி உரித்துப் போட்டது ஒரு சாம்பிள் துண்டு. அதே துணியில், அதே ரெசினில், அதே கையால் போட்ட ஒட்டு ஒன்று படகின் அடிவயிற்றில் இருந்தது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே.

மறுநாள் சாயங்காலம் லாரி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை கொச்சியில் படகு தண்ணீரில் இறங்க வேண்டும்.

கோழிகள் குடியிருந்த கேபின்

திருப்பூரில் படகு எப்படி வந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். அதைச் சொல்லிவிட்டு ஷெட்டுக்குத் திரும்புகிறேன்.

ஒரு கண்டெய்னர் விஷயமாக அக்காவும் நானும் கொச்சிக்குப் போயிருந்தோம். வேலை முடிந்து மீன் சாப்பிடப் போன இடத்துக்குப் பக்கத்தில் ஒரு படகுப் பட்டறை. பின்பக்கம், தென்னைமரங்களுக்கு நடுவே, மரக்கட்டைகளின் மேல் அது உட்கார்ந்திருந்தது. இருபத்தெட்டு அடி நீளம். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். கேபினுக்குள் கோழிகள் குடியிருந்தன.

அக்கா கையிலிருந்த ஐஸ்கிரீம் கப்பை என்னிடம் கொடுத்துவிட்டு அதைச் சுற்றி வந்தார். முன்மூக்கைத் தடவினார். வளையலால் தட்டிப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, இது தகரமுங்களா?"

பட்டறைக்காரர் மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "தகரம் இல்ல சேச்சி. துணி."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

உண்மைதான். கண்ணாடியை நூலாக இழுத்து, அந்த நூலைத் துணியாக நெய்து, ரெசினில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்தால் ஃபைபர் படகு. அந்தத் துணிக்கும் ஜிஎஸ்எம் உண்டு. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற அந்தக் கணக்கில்தான் எங்கள் ஊரே பிழைக்கிறது. துணியால் ஒரு வீட்டைச் செய்து, அதை மிதக்கவும் விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தபின் அக்கா சும்மா வருவாரா?

எழுபதுகளில் எங்கோ வெளிநாட்டில் செய்தது என்றார் பட்டறைக்காரர். அந்தக் காலத்துக்காரர்களுக்கு ஃபைபர் புதிது. எவ்வளவு கனம் போதும் என்ற நிச்சயம் அவர்களுக்கு இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கனமாகவே போட்டுவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் கணக்குப் படித்து மெலிசாக்கினார்கள். அதனால் இந்தப் பழைய படகுகளின் உடம்பு இன்னும் கல்லுமாதிரி நிற்கிறது. பயத்தில் செய்த வேலை இவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

ஊர் கேட்ட கேள்விகள்

கொச்சியிலேயே வைத்துச் சரிசெய்தால் என்ன என்று கேட்டேன். "அங்க யாரு நின்னு பார்க்கறது? நம்ம கண்ணு முன்னால இருக்கோணும்" என்றார் அக்கா. படகு பாலக்காடு வழியாக லாரியில் வந்தது.

அவினாசியில் டீ குடிக்க நிறுத்தியபோது கூட்டம் கூடிவிட்டது. ஒரு பெரியவர் லாரியைச் சுற்றி வந்து டிரைவரிடம் கேட்டார். "ஏனுங்க, ஓட்டல் முன்னால வெக்கறதுங்களா?"

"இல்லீங்க, நெசப் படகுங்க."

"அப்பறம் எதுக்குங்க இந்தப் பக்கம் வருது?"

டிரைவர் டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வண்டியில் ஏறினார்.

கம்பெனியில் அந்தோணி அண்ணனுக்குத்தான் முதல் தொல்லை. அவர் தூத்துக்குடி ஜில்லா. ஆகவே கடல் விஷயமெல்லாம் தெரியும் என்று எல்லோரும் முடிவுகட்டி, நங்கூரம், கயிறு, அலை என்று அவரைக் கேட்டுத் துளைத்தார்கள். ஒருநாள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"எக்கா, நான் சொல்லுதத கொஞ்சம் கேளுங்க. எங்க ஊரு தேரிக்காடு. செம்மண்ணும் பனையுந்தான். கடலப் பாக்கணும்னா நாங்களே பஸ்ஸு மாறித்தான் போவோம்."

"அப்ப நீச்சல்?"

"கெணத்துல தண்ணி கெடந்தாத்தானக்கா நீச்சல்?"

ஆனால் படகின்மேல் அவருக்குத்தான் முதலில் பைத்தியம் பிடித்தது. பழைய கழிவறைக் குழாய் வெளியேறிய இடம் அடிப்பக்கத்தில் மெத்தென்று ஆகிவிட்டிருந்தது. அக்கா கரண்டிக் காம்பால் உடம்பு முழுக்கத் தட்டிக்கொண்டே வந்து கண்டுபிடித்த இடம் அது. நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், கெட்ட இடத்தில் பொத்தென்று கேட்கும். அந்த இடத்தை வட்டமாக அறுத்து எடுத்தபோது வெட்டுமுகத்தில் அடுக்குகள் தெரிந்தன. அந்தோணி அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. கட்டிங் மேஜையில் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரிப்பதுதான் அவர் வாழ்க்கை.

"லேயர் போட்டிருக்கான் பாருங்க. ஒரு சுருக்கம் கெடையாது. எவனோ ஏம்பாட்டன் போட்டிருக்கான்" என்றார்.

மத்தியானச் சோறும் மெத்தையும்

அந்த மாதங்களில் படகுதான் எங்கள் சாப்பாட்டு அறை. ஷெட்டுக்குள் ஏணி வைத்து ஏறிப்போவோம். சின்னக் கதவைத் தள்ளித் தலையைக் குனிந்து இறங்கினால் எதிரெதிரே இரண்டு இருக்கைகளும் நடுவில் ஒரு மேஜையும். அந்த மேஜையை இறக்கினால் அதுவே கட்டில். முன்பக்கம் படகின் மூக்குக்குள் அம்புபோலக் கூடும் இரண்டு படுக்கைகள். கைக்கு எட்டும் இடத்திலெல்லாம் ஒரு சின்ன அலமாரி. ஆடினால் சாமான் விழாதிருக்க ஒவ்வொரு தட்டுக்கும் தேக்கில் ஒரு வரப்பு. தங்கள் வீடாக நினைத்துத்தான் செய்திருக்கிறார்கள்.

பழைய டீசல் வாசனையும் நனைந்து காய்ந்த பஞ்சின் வாசனையும் கடைசிவரை போகவில்லை. மெத்தைகளுக்கு எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய கோடுபோட்ட இன்டர்லாக் பின்னல் துணியில் உறை தைத்தோம். வெளியில் சுண்ணாம்புபோல் பூத்துப்போன வெள்ளையை வேஸ்ட் பனியன் துணியும் பாலிஷும் வைத்துத் தேய்த்தோம். ஒரு கையகலம் தேய்த்து முடிக்கும்போது அதில் நம் முகம் தெரியும். தெரிந்தபின் நிறுத்த மனம் வராது. எங்களிடம் தைக்கும் ஒடிசாப் பையன்கள் டீ நேரத்தில் வந்து தாங்களாகவே ஒரு பக்கம் தேய்த்து, அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொல்ல முடியாது. அக்காவின் தம்பிக்கு அந்த ஷெட்டில் பாதி உரிமை. அங்கே துணியை அமுக்கிச் சுருட்டும் காம்பாக்டிங் மெஷின் போட வேண்டும் என்று அவர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மெஷின் வரும் வாரத்தையும் சொல்லிவிட்டார்.

கொச்சிப் பட்டறையில் படகு இறக்க அக்காவுக்கென்று பிடித்துவைத்த இடம் அந்த ஞாயிற்றுக்கிழமை வரைதான். அதற்குப் பின் மழை. மழை விடும்வரை கிரேன் நகராது.

"தண்ணிக்கும் போகலை, ஷெட்டுலயும் எடமில்லைன்னா என்னக்கா பண்ணறது?" என்று தம்பி ஒருநாள் கேட்டார். "எஞ்சினக் கழட்டி எடுத்துக்கறதுக்கு ஆள் பேசியிருக்கறேன். மிச்சத்த அறுத்துப் போடறேன்னு சொல்றான்."

அதுதான் இந்தப் படகுகளின் கதி. இரும்பாக இருந்தால் எடைக்காவது போகும். ஃபைபரை யாரும் வாங்க மாட்டார்கள். எஞ்சினையும் பித்தளையையும் எடுத்துக்கொண்டு உடம்பைத் துண்டுபோட்டுக் குப்பையில் கொட்டுவார்கள். அக்கா அன்று சாப்பிடவில்லை.

எங்கள் ஊர் புத்தி

ஒட்டுப் போட வேண்டிய நாள் வந்தது. கோயம்புத்தூரில் கண்ணாடித் துணியும் ரெசினும் வாங்கி வந்தோம். எதில் எத்தனை சொட்டுக் கலப்பது என்று கடைக்காரர் விவரமாகச் சொல்லித்தான் அனுப்பினார்.

அந்தோணி அண்ணன் துணியை விரித்துத் தடவிப் பார்த்தார். "எக்கா, கையில ஏதோ வழுவழுன்னு ஒட்டுது."

அக்காவும் தடவினார். "ஆமா. கிரே துணியாட்டம் இருக்குது."

கிரே துணி என்றால் தறியிலிருந்து அப்படியே இறங்கியது; அதில் எண்ணெயும் மெழுகும் இருக்கும். அதைச் சோடா போட்டுக் கழுவி எடுத்தால்தான் சாயம் ஏறும். இது எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆனால் கழுவாத துணிக்குச் சாயம் பிடிக்காது என்பதைப் பள்ளிக்கூடம் சொல்லித் தரவில்லை. பிளீச்சிங் பட்டறையில் துணி அலசிய அப்பாவின், சோடாவில் வெந்த கால்விரல் இடுக்கைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். பின்னால் கல்லூரியில் அதையே பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன்.

ஆக, அந்த இடத்தில் நாங்கள் மூன்று பேர் இருந்தும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. துணியைச் சோடாவும் சோப் ஆயிலும் போட்டு நன்றாகக் கும்மினோம். என் வீட்டு மொட்டைமாடியில் காயப்போட்டோம். அந்தோணி அண்ணன் அயர்ன்கூட பண்ணினார்.

அதே தொட்டியில் அம்மா அப்பாவின் வேட்டியை நனைத்துவிட்டார். அப்பா இரண்டு நாள் தொடையைச் சொறிந்துகொண்டே திரிந்தார். "என்னடா துணி அது, முள்ளுச்செடியில நெய்தானுகளா?" என்று கேட்டார். அதை ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளும் புத்தி எங்களுக்கு இல்லை.

ஒட்டு அழகாக அமைந்தது. தேய்த்து, பெயிண்ட் அடித்தபின் எங்கே ஓட்டை இருந்தது என்று எங்களுக்கே தெரியவில்லை. அக்கா சாமி படத்துக்குப் பூ வைத்தார். லாரிக்குச் சொல்லியாயிற்று.

பாஸ் பண்ண மாட்டேன்

சுமதி அந்த வாரம் காங்கேயத்தில் மகனுக்குக் காதுகுத்து என்று லீவில் இருந்தார். வெள்ளிக்கிழமை வந்தார். ஒட்டைப் பார்த்தார். அதன் அழகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"சீல் சாம்பிள் எங்கீங்கக்கா?" என்றார்.

எந்த ஆர்டரானாலும் ஒரு பீஸ் தனியே எடுத்து வைப்போம். நாளைக்கு வழக்கு என்று வந்தால் பேசுவது அதுதான். பழக்க தோஷத்தில் அந்தோணி அண்ணன் மிச்சத் துணியில் ஒரு துண்டு போட்டு வைத்திருந்தார். அதைத்தான் சுமதி உரித்துப் போட்டார்.

கோயம்புத்தூர்க் கடைக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"துவைச்சீங்களா?"

"ஆமாங்க."

"எதுக்குங்க?"

அந்த வழுவழுப்புதான் ரெசினைப் பிடித்துக்கொள்வதாம். கண்ணாடி நூலுக்கு ஆலையிலேயே பூசி அனுப்புகிறார்களாம். துவைக்காதீர்கள் என்று இதுவரை யாருக்கும் சொல்ல வேண்டி வந்ததில்லையாம். அவர் சிரிப்பை அடக்குவது போனில் கேட்டது.

அந்தோணி அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எக்கா, சாம்பிள் சின்னது. படகுல போட்டது கனம். அத்தனை லேயரும் ஒண்ணா கழறாதுன்னுதான் நெனைக்கேன். இப்ப பிரிச்சோம்னா நாளைக்கு லாரிக்கு ஆகுமா? ஆகலைன்னா நம்ம கையாலேயே அறுக்கக் குடுத்த மாதிரில்லா?"

நானும் அவர் பக்கம்தான் நின்றேன். கொச்சிக்குப் போனபின் சரிசெய்துகொள்ளலாம் என்றேன். வெளிநாட்டுக்காரரிடம் பேசிப் பேசி வந்த குரல்.

சுமதி உரித்த துண்டைப் படகின் ஏணிப்படியில் வைத்தார்.

"முதலாளி நீங்கதானுங்க. அனுப்பறதுன்னா அனுப்பிக்கங்க. நான் பாஸ் பண்ண மாட்டனுங்க. டி-ஷர்ட்டுல ஓட்டை விழுந்தா திருப்பி அனுப்புவாங்க. இதுல ஓட்டை விழுந்தா யாருங்க திரும்பி வருவாங்க?"

அக்கா படகின் அடியில் குனிந்து அந்த வெள்ளை வட்டத்தில் கையை வைத்தார். நாலு மாதம் தேய்த்த கை. சுவருக்கு அந்தப்புறம் மெஷின் சத்தம் நின்று டீ மணி அடித்தது. நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. குரலில் ஒன்றும் தெரியவில்லை.

"அந்தோணி, கிரைண்டர எடு. கண்ணு, நீ கோயமுத்தூர் பஸ்ஸப் புடி. கடை சாத்தறதுக்குள்ள போயிரோணும்."

தேய்த்தெடுக்கும் கிரைண்டரை அக்காவே பிடித்தார். எங்கள் அழகான வேலை வெள்ளைத் தூளாகப் பறந்தது. நான் வாசலைத் தாண்டும்போது அக்காவின் தம்பி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்களே அறுக்கறாங்களா?" என்று என்னைக் கேட்டார்.

சனிக்கிழமை காலை புதுத் துணி. இந்த முறை அதைக் கையுறை போட்டுத்தான் தொட்டோம், அந்த வழுவழுப்பு போய்விடக்கூடாதே என்று. அந்தோணி அண்ணன் விரிக்க, அக்கா ரெசின் பூச, நான் உருளையால் காற்றை வெளியே தள்ளினேன். துணி ரெசினைக் குடித்துக் கண்ணெதிரே கண்ணாடியாக மாறியது. முதல் தடவை அது அப்படி மாறவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊர் வெயிலை நான் புகழ்ந்து எழுதியதில்லை; அன்றைக்குப் புகழ வேண்டும். மதியத்துக்குள் ஒட்டு இறுகிவிட்டது.

சுமதி புதுச் சாம்பிளில் கத்தரியைச் செருகப் பார்த்தார். நுழையவில்லை. ஏணிப்படியின் ஓரத்தில் வைத்து மிதித்தார். அந்தோணி அண்ணனையும் மிதிக்கச் சொன்னார். கடைசியில் கத்தரியை மறுபடி குத்தித் திருக, அதன் முனைதான் உடைந்தது.

"லாரிய வரச் சொல்லுங்க" என்றார். பாஸ் என்று இன்னும் சொல்லவில்லை.

தண்ணீரில்

ஞாயிற்றுக்கிழமை கிரேன் படகைத் தூக்கியபோது அதன் முழு உருவத்தையும் முதல்தடவை பார்த்தேன். ஷெட்டுக்குள் அது எப்போதும் நமக்குப் பாதிதான் தெரியும். காயல் வெளிச்சத்தில் அந்த வயிற்றின் வளைவைப் பார்த்து, இதை வரைந்தவன் ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். படகு தண்ணீரில் உட்கார்ந்தது. ஒருமுறை ஆடிவிட்டு நிமிர்ந்துகொண்டது.

பட்டறையின் ஓட்டுநர் எஞ்சினைக் கிளப்பினார். அக்கா அவர் பக்கத்தில் நின்று சக்கரத்தில் ஒரு கை வைத்துக்கொண்டார். அந்தோணி அண்ணன் முன்னால் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஏசுவை ஒருதரம் கூப்பிட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கரையோரச் சீன மீன்வலைகளைத் தாண்டினோம். ஒரு கப்பல் மலைபோல எங்களைக் கடந்தது. அதன் அலை வந்து தூக்கியபோது பழைய படகு அதன்மேல் கனமாக ஏறி, கனமாகவே இறங்கியது. மெலிசான படகென்றால் துள்ளியிருக்கும் என்றார் ஓட்டுநர். அக்காவின் முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. அவ்வளவு சந்தோஷத்தைப் பக்கத்தில் நின்று பார்ப்பதே கூச்சமாக இருந்தது.

பட்டறைக்குத் திரும்பிக் கயிற்றைக் கட்டியபின் கேபின் கதவு திறந்தது. சுமதி மேலே வந்தார். கையில் டார்ச். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. தரைப்பலகையைத் தூக்கிவிட்டு, முட்டிபோட்டு, ஒட்டையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார், கிளம்பியதிலிருந்து.

"ஒரு சொட்டு இல்லீங்கக்கா. பாஸ்."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சுமதி சுற்றிலும் பார்த்தார். கரையும் கிரேனும் தென்னையும்தான் இருந்தன.

"போயிட்டு வந்தாச்சுங்களா? எப்படி இருந்துச்சுங்க?" என்றார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா ஓட்டுநர் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, கயித்த அவுத்துருங்க. இன்னொரு சுத்து."

"ஐயோ, வேண்டாமுங்க. ஆரு அத பார்த்துக்கறது?" என்றார் சுமதி.

நான் டார்ச்சை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன். முட்டிபோட்டு ஒட்டின்மேல் உள்ளங்கையை வைத்தேன். எஞ்சின் அதிர்வு கை வழியாக ஏறியது. அந்தப்பக்கம் தண்ணீர் விரையும் சத்தம் காதுக்கு இவ்வளவு பக்கத்தில் கேட்டது. இந்தப்பக்கம் காய்ந்து கிடந்தது. சோதனை அறையில் ஒருநாளும் குரல் உயர்த்தாத சுமதி மேலே ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார்: "அது என்னங்கக்கா? அக்கா, அக்கட்டால போறது என்னங்க?"